தேயும் கட்டை, காக்கும் உயிர்

பாடம் 9
உரைநடை – அன்றாட அறிவியல்

நுழையுமுன்

தீபாவளி, பொங்கல் விடுமுறைகளில் பெங்களூருவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, ஓசூர் சாலை வழியாகச் சொந்த ஊர்களுக்கு மகிழுந்தில் புறப்படுகின்றன. அந்த மகிழுந்தை ஓட வைப்பது எஞ்சின் என்பதை அனைவரும் அறிவர். அதனை உரிய இடத்தில் நிற்க வைப்பது எது? உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு கட்டை! அது எவ்வாறு தேய்கிறது, ஏன் தேய்கிறது, அதன் வாழ்நாளை எவ்வாறு நீட்டிக்கலாம் என்பவற்றை இப்பாடத்தில் அறிவோம்.

கட்டையின் கதை

மிதிவண்டியின் பிரேக் கட்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிடியை அழுத்தினால் இரண்டு ரப்பர்க் கட்டைகள் சக்கர வளையத்தை இருபுறமும் பற்றிக்கொள்ளும். மகிழுந்தில் இவ்வேலையைச் செய்வதைப் பணிமனைகளில் 'பிரேக் பேட்' என்பர். நாம் இப்பாடத்தில் அதனையும் பிரேக் கட்டை என்றே வழங்குவோம்.

இக்கட்டையின் வரலாறு சுவையானது. 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஜெர்மனியைச் சேர்ந்த பெர்த்தா பென்ஸ் என்னும் பெண்மணி, தம் கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு, தம் மைந்தர் இருவருடன் மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்குப் புறப்பட்டார். மோட்டார் வண்டியில் ஒருவர் மேற்கொண்ட முதல் நெடும்பயணம் அது. தொலைவு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். வழியில் மேடும் பள்ளமும் மிகுதி. இறக்கங்களில் மீண்டும் மீண்டும் அழுத்தியதால் வண்டியின் மரக் கட்டைகள் தேய்ந்துபோயின. பெர்த்தா மனம் தளரவில்லை. செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரிடம் சென்று, அக்கட்டைகளின்மேல் தோலை வைத்து அறையச் செய்தார். வண்டி பாதுகாப்பாக ஊர் சேர்ந்தது. தேயும் பகுதியைத் தனியே அமைத்து, தேய்ந்தவுடன் அதனை மட்டும் மாற்றிக்கொள்ளும் எண்ணம் அன்றே பிறந்துவிட்டது.

பின்னர், 1902ஆம் ஆண்டு இங்கிலாந்தைச் சேர்ந்த பிரெடரிக் லான்செஸ்டர், சக்கரத்துடன் சுழலும் உலோகத் தட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய மகிழுந்துகளின் முன்சக்கரங்களில் உள்ள பிரேக் அம்முறையின் வளர்ச்சியே.

நிற்பதன் அறிவியல்

ஓட்டுநர் பிரேக் மிதியை அழுத்துகிறார். குழாயிலுள்ள பிரேக் எண்ணெய் அந்த அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்கிறது. அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் தரப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்னும் பாஸ்கல் விதியை அறிவியல் பாடத்தில் கற்றிருப்பீர்கள். அவ்விதியே இங்குச் செயற்படுகிறது. எண்ணெயின் அழுத்தத்தால் கவ்வி இறுகுகிறது, கவ்வியிலுள்ள இரண்டு கட்டைகளும் சுழல்தட்டை நெருக்குகின்றன, உராய்வு தோன்றுகிறது, வண்டியின் வேகம் குறைகிறது.

வண்டியின் இயக்க ஆற்றல் எங்கே போயிற்று? ஆற்றலை அழிக்க இயலாது. ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவிற்கு மாற்றவே இயலும். இங்கே இயக்க ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. ஆகவே பிரேக் என்பது வேகத்தை வெப்பமாக மாற்றும் கருவி எனலாம். ஒவ்வொரு முறையும் கட்டையிலிருந்து நுண்ணிய துகள்கள் உதிர்கின்றன. மகிழுந்தின் முன்சக்கரங்களில் படியும் கரிய தூளில் பெரும்பகுதி இதுவே. வண்டியை நிறுத்தும்போது அதன் பாரம் முன்னோக்கிச் சாய்வதால், முன்சக்கரக் கட்டைகள் விரைந்து தேய்கின்றன.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 1,200 கிலோகிராம் எடையுள்ள மகிழுந்து மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 1,67,000 ஜூல். அதே மகிழுந்து 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, ஏறத்தாழ 42,000 ஜூல். வேகம் பாதியானால் ஆற்றல் பாதியாவதில்லை. நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. எனவே, மிதியைத் தொடும் முன்பே வேகத்தை 60இலிருந்து 30ஆகத் தணியவிட்ட ஓட்டுநர், கட்டையின் சுமையில் முக்கால் பங்கைக் குறைத்துவிடுகிறார். அந்த முக்கால் பங்கைக் காற்றின் தடையும் சாலையின் தடையும் எஞ்சினும் செலவின்றி ஏற்றுக்கொள்கின்றன.

நகரத்தில் நிதானம்

பெங்களூருவின் சில்க் போர்டு சந்திப்பை அறியாதவர் இந்நகரில் இல்லை எனலாம். மத்தியப் பட்டு வாரியத்தின் அலுவலகம் அங்கு இருப்பதால் அப்பெயர் வந்தது. போக்குவரத்து நெரிசலுக்குப் பெயர்பெற்ற அச்சந்திப்பைக் கடக்கும் இரண்டு ஓட்டுநர்களைக் கற்பனை செய்வோம்.

முதல் ஓட்டுநர், முன்னே பத்தடி இடைவெளி கிடைத்தாலும் விரைந்து பாய்கிறார். அடுத்த நொடியே மிதியை அழுத்துகிறார். சைகை விளக்கு சிவப்பாக இருப்பது தொலைவிலேயே தெரிந்தும் வேகத்தைக் குறைப்பதில்லை. இரண்டாம் ஓட்டுநர், முன்செல்லும் வண்டியை ஒட்டாமல் சற்று இடம் விட்டுச் செல்கிறார். சிவப்பு விளக்கைக் கண்டதும் முடுக்கியிலிருந்து காலை எடுத்துவிடுகிறார். வண்டி கியரிலேயே இருப்பதால் எஞ்சினே அதன் வேகத்தைத் தணிக்கிறது. விளக்கை அடையும் நேரத்தில் பச்சை விழுந்துவிட்டால், அவர் நிற்க வேண்டிய தேவையே இல்லை. இருவரும் ஒரே சந்திப்பை ஏறத்தாழ ஒரே நேரத்தில் கடக்கின்றனர். ஆனால் முதலாமவரின் கட்டைகள் இரண்டாமவரின் கட்டைகளைக் காட்டிலும் பன்மடங்கு விரைவில் தேய்கின்றன. பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழி சாலைக்கும் பொருந்தும்.

இரண்டாம் ஓட்டுநரிடமிருந்து நாம் கற்க வேண்டியவை:

1. முன்செல்லும் வண்டி ஓர் இடத்தைக் கடந்தபின், நாம் அவ்விடத்தை அடைய இரண்டு நொடிகளேனும் ஆகவேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் இந்த இடைவெளி ஏறத்தாழ 33 மீட்டர். மழைக்காலத்தில் இதனை இன்னும் கூட்டுதல் வேண்டும்.

2. பார்வை முன்வண்டியின் பின்விளக்கோடு நின்றுவிடக் கூடாது. அதற்கும் அப்பால் உள்ள வேகத்தடை, சைகை விளக்கு, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றையும் காண வேண்டும்.

3. பிரேக் மிதியின்மேல் காலைச் சாய்த்து வைத்தல் ஆகாது. மெல்லிய அழுத்தம்கூடக் கட்டையைச் சுழல்தட்டில் உரசவிடும். பின்விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால் பின்வருவோரும் குழப்பமடைவர்.

4. வண்டியில் தேவையற்ற பொருள்களைச் சுமந்து திரிதல் கூடாது. எடை கூடினால் வெப்பமும் கூடும்; தேய்மானமும் கூடும்.

கர்நாடகச் சாலையோரப் பலகைகளில் 'நிதானவாகி சலிஸி' என எழுதப்பட்டிருப்பதைக் கன்னடம் படிக்கத் தெரிந்த நீங்கள் கண்டிருப்பீர்கள். 'மெதுவாகச் செல்லுங்கள்' என்பது அதன் பொருள். அதிலுள்ள 'நிதான' என்னும் சொல் நமக்கும் உரியதே. தமிழில் நிதானம் என்றால் பதற்றமின்மை, ஆராய்ந்து செயற்படுதல் என்று பொருள்படும். கன்னடப் பொருளையும் தமிழ்ப் பொருளையும் சேர்த்துப் படித்தால், நல்ல ஓட்டுநரின் இலக்கணம் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடும்.

தொப்பூர் இறக்கம்

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. எனவே ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சேலம் செல்பவர், தம்மை அறியாமலே அறுநூறு மீட்டர் கீழே இறங்குகிறார். இந்த இறக்கத்தின் கடுமையான பகுதி, தருமபுரிக்கும் சேலத்திற்கும் இடையே 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்த தொப்பூர் கணவாய். அகன்ற நெடுஞ்சாலையாதலால் வேகம் இயல்பாகவே கூடுகிறது, வளைவுகளோ மிகுதி. பாரம் ஏற்றிய சரக்குந்துகள் இங்குக் கட்டுப்பாட்டை இழந்து முன்னால் செல்லும் வண்டிகளின்மீது மோதிய நிகழ்வுகள் பல. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் இங்கு நேர்ந்த விபத்துகளில் உயிர்கள் பலியாயின.

இறக்கத்தில் நிகழ்வது யாது? மீண்டும் கணக்கிற்கு வருவோம். 1,200 கிலோகிராம் மகிழுந்து 100 மீட்டர் உயரம் இறங்கினால், ஏறத்தாழ 11,76,000 ஜூல் நிலை ஆற்றல் விடுபடுகிறது. வண்டியின் வேகம் கூடாமல் இருக்க, இந்த ஆற்றல் முழுவதையும் ஏதேனும் ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும். பிரேக் மட்டுமே வாங்கிக்கொள்வதாயின், 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஏழு முறை முழுமையாக நிறுத்துவதால் எழும் வெப்பத்தை அது தாங்க வேண்டும். அவ்வெப்பத்தால் மூன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். பல டன் பாரம் ஏற்றிய சரக்குந்தின் நிலையை எண்ணிப் பாருங்கள்!

கட்டையிலுள்ள பொருள்களைப் பிணைத்து வைத்திருப்பது ஒருவகைப் பிசின். அளவுகடந்த வெப்பத்தில் அப்பிசின் சிதையத் தொடங்கும், உராய்வு குறையும், மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி போதிய அளவு தணியாது. இதனை 'பிரேக் தளர்ச்சி' என்பர். எண்ணெயில் நீர் கலந்திருந்தால் அந்நீர் கொதித்து ஆவியாகும். அப்போது மிதி பஞ்சுபோல உள்ளே அமிழ்ந்துவிடும்.

இதற்கான தீர்வு பழைய ஓட்டுநர்களின் ஒரு சொல்லில் உள்ளது: எந்தக் கியரில் ஏறுவாயோ, அந்தக் கியரில் இறங்கு. இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டாம் அல்லது மூன்றாம் கியருக்கு மாற்றிக்கொண்டால், சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்ற வேண்டியிருக்கும். அவ்வுழைப்பே வண்டியைப் பின்னின்று பிடித்து இழுக்கும். பிரேக்கிற்கு எஞ்சியிருப்பது சிறு வேலையே. அதனையும் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இராமல், உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, பின் முழுதும் விட்டுவிடுதல் நன்று. விட்ட இடைவெளியில் சுழல்தட்டு காற்றுப்பட்டு ஆறும்.

எரிபொருள் மிச்சமாகும் என எண்ணி, இறக்கத்தில் கியரை விலக்கி வண்டியை உருளவிடுவோர் உளர். இது பெருந்தவறு. முதலாவதாக, எஞ்சினின் பிடிப்பு அற்றுப்போவதால் முழுச்சுமையும் கட்டைகளின்மேல் விழுகிறது. இரண்டாவதாக, எரிபொருளும் மிச்சமாவதில்லை. இன்றைய எஞ்சின்களில், வண்டி கியரில் இருக்க முடுக்கியிலிருந்து காலை எடுத்தால், எரிபொருள் பாய்வது தானே நின்றுவிடும். கியரை விலக்கினாலோ, எஞ்சின் அணையாதிருக்க எரிபொருள் செலவாகிக்கொண்டே இருக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவது அதனினும் கொடியது. மிதியை எளிதாக அழுத்த உதவும் துணைவிசை, சில அழுத்தங்களுக்குப் பின் தீர்ந்துவிடும். மிதி கல்லைப்போல் இறுகிவிடும்.

சாமராஜநகரிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் வழியில் 27 கொண்டை ஊசி வளைவுகளை உடைய திம்பம் மலைப்பாதை, மசினகுடிக்கும் உதகைக்கும் இடையே 36 வளைவுகளை உடைய கல்லட்டி மலைப்பாதை ஆகியவற்றிற்கும் இவ்விதிகளே பொருந்தும். இறங்கி முடித்தபின் தீய்ந்த வாடை வந்தால், பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி ஆறவிட வேண்டும். சூடான சுழல்தட்டின்மேல் தண்ணீர் ஊற்றுதல் கூடாது, அது கோணிப்போகக்கூடும், வெடிப்பும் விழக்கூடும்.

கட்டை பேசும் மொழி

புதிய கட்டையில் தேயும் பகுதியின் தடிப்பு பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அது 3 மில்லிமீட்டராகக் குறைந்தால் மாற்றிவிடுதல் நன்று. பல கட்டைகளில் சிறு உலோகத் தகடு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். கட்டை தேய்ந்ததும் அத்தகடு சுழல்தட்டைத் தொட்டுக் 'கீச்' என்று ஒலிக்கும். அவ்வொலி கட்டை விடுக்கும் முதல் எச்சரிக்கை. அதனைப் புறக்கணித்தால், கட்டையின் இரும்புப் பின்தகடே தட்டை அறுக்கத் தொடங்கும். 'கரகர' என்னும் ஒலி எழும். அந்நிலையில் கட்டையை மட்டுமன்றிச் சுழல்தட்டையும் மாற்ற நேரிடும். மிதி அதிர்தல், வண்டி ஒருபக்கம் இழுத்தல், மிதி வழக்கத்தினும் ஆழமாக இறங்குதல், எச்சரிக்கை விளக்கு எரிதல் ஆகியவையும் உடனே பணிமனைக்குச் செல்ல வேண்டும் என்பதற்கான அறிகுறிகள்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. ஆதலால் பொதுவாக ஈராண்டுக்கு ஒருமுறை அதனை மாற்றுவது நலம். கவ்வியின் நகரும் பகுதிகளில் துரு ஏறினால், மிதியை விட்டபின்னும் கட்டை உரசிக்கொண்டே இருக்கும். நெடும்பயணத்திற்கு முன் இவற்றையும் சோதித்தல் வேண்டும். பின்னிருக்கையில் அமரும் உங்கள் செவிகள், ஓட்டுபவரின் செவிகளைவிடக் கூர்மையானவையாக இருக்கலாம். புதிய ஒலி ஏதும் கேட்டால், தந்தையிடமோ தாயிடமோ உடனே கூறுங்கள்.

எது சிக்கனம்?

இவ்வளவும் கற்றபின், "கட்டை தேய்ந்துவிடும், ஆகவே பிரேக்கை அழுத்தக் கூடாது" என ஒருவர் முடிவு செய்தால் அது பிழை. பந்தின் பின்னே ஒரு குழந்தை சாலைக்கு ஓடிவந்தால், ஓட்டுநர் ஒரு கணமும் தயங்காமல் முழு வலிமையோடு மிதியை அழுத்த வேண்டும். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் புதிய மகிழுந்துகளில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அவசர நேரத்தில் மிதி காலடியில் துடிப்பதுபோல் தோன்றினாலும் காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருப்பதுதான் முறை.

கட்டையை நாம் காப்பது அந்த ஒரு கணத்திற்காகவே. தேவையற்ற பாய்ச்சலிலும் பதற்றத்திலும் கட்டையைக் கரைத்தவருக்கு, தேவைப்படும்போது அது துணைநிற்பதில்லை. தேவையற்ற இடத்தில் செலவழிக்காமையும் தேவையான இடத்தில் தயங்காமையும் சேர்ந்ததே சிக்கனம். வெள்ளம் வருமுன் அணை கோலுவது போல, இறக்கம் வருமுன் கியரைக் குறைப்போம். ஒலி வலுக்குமுன் கட்டையை மாற்றுவோம். நிதானமாகச் சென்று நலமாக ஊர் சேர்வோம்.

தெரிந்துகொள்வோம்

• சென்னையின் பாடி, பிரேக் உற்பத்திக்குப் புகழ்பெற்ற பகுதி. பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது.

• முற்காலத்தில் கட்டைகளில் கல்நார் சேர்க்கப்பட்டது. அதன் தூசி நுரையீரலைக் கெடுப்பதால், பல நாடுகள் அதனைக் கைவிட்டன.

• மின்மகிழுந்துகளிலும் மெட்ரோ ரயிலிலும் வேகம் குறையும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி மின்சாரம் தருகிறது. ஆதலால் அவற்றின் பிரேக் கட்டைகள் நெடுநாள் உழைக்கின்றன.

சொற்பொருள்

உராய்வு – ஒன்றோடொன்று உரசுதல்
முடுக்கி – வண்டியின் வேகத்தைக் கூட்டும் மிதி
கணவாய் – மலைகளுக்கு இடையே உள்ள வழி
கல்நார் – தீப்பற்றாத நார்த்தன்மையுள்ள கனிமம்
அணை கோலுதல் – அணை கட்டுதல்

இலக்கணக் குறிப்பு

சுழல்தட்டு – வினைத்தொகை (சுழன்ற தட்டு, சுழல்கின்ற தட்டு, சுழலும் தட்டு)
தேயும் கட்டை – பெயரெச்சத்தொடர்
பதறாத காரியம் – எதிர்மறைப் பெயரெச்சத்தொடர்
அழுத்திக் குறைத்தார் – வினையெச்சத்தொடர்

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.

1. பிரேக், இயக்க ஆற்றலை ________ ஆக மாற்றுகிறது.
2. தொப்பூர் கணவாய் ________க்கும் சேலத்திற்கும் இடையே அமைந்துள்ளது.
3. வேகம் பாதியாகக் குறைந்தால் இயக்க ஆற்றல் ________ பங்காகக் குறையும்.

ஆ. பொருத்துக.

1. பெர்த்தா பென்ஸ் – 27 வளைவுகள்
2. லான்செஸ்டர் – கட்டையின்மேல் தோல்
3. திம்பம் – 36 வளைவுகள்
4. கல்லட்டி – 1902

இ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.

1. முன்சக்கரக் கட்டைகள் விரைந்து தேய்வது ஏன்?
2. பிரேக் தளர்ச்சி என்றால் என்ன?
3. 'நிதானம்' என்னும் சொல் தமிழிலும் கன்னடத்திலும் உணர்த்தும் பொருள்கள் யாவை?

ஈ. பத்து வரிகளில் விடையளிக்க.

1. இறக்கத்தில் கியரை விலக்கி வண்டியை உருளவிடுவது ஏன் தவறு? காரணங்களுடன் விளக்குக.
2. 'தேவையற்ற இடத்தில் செலவழிக்காமையும் தேவையான இடத்தில் தயங்காமையும் சேர்ந்ததே சிக்கனம்' – இக்கூற்றைப் பாடத்தின் துணைகொண்டு நிறுவுக.

உ. சிந்தித்துக் கணக்கிடுக.

மகிழுந்தின் எடை, பயணிகளோடும் மூட்டைகளோடும் சேர்த்து 1,500 கிலோகிராம். அது 100 மீட்டர் உயரம் இறங்கினால் விடுபடும் ஆற்றல் எவ்வளவு? பாடத்திலுள்ள அளவோடு ஒப்பிட்டு, நீ அறிவதை எழுதுக.

ஊ. மொழிப்பயிற்சி

விடுமுறையில் மகிழுந்தில் ஊருக்குப் புறப்படவிருக்கும் உன் மாமாவிற்கு, பயணத்திற்கு முன் சோதிக்க வேண்டியவற்றையும் தொப்பூர் இறக்கத்தில் பின்பற்ற வேண்டியவற்றையும் கூறி ஒரு கடிதம் எழுதுக.

எ. செயல்திட்டம்

பெற்றோர் துணையுடன் அருகிலுள்ள பணிமனைக்குச் சென்று, புதிய கட்டை ஒன்றையும் தேய்ந்த கட்டை ஒன்றையும் அளந்து பார். இரண்டின் படங்களையும் வரைந்து, பகுதிகளைத் தமிழில் குறித்து, வகுப்பில் காட்சிப்படுத்து.